நீலம் மலிந்த கதை

டியூப் லைட்டின் ஸ்டார்ட்டர் இரண்டு மூன்று முறை கண் சிமிட்டி, கொஞ்சம் யோசித்து, பிறகு மனமிரங்கி எரிந்த காலத்தில், கடல்மீன் தொட்டி வைத்திருந்தவர்களுக்கு ‘எந்த விளக்கு வாங்கலாம்’ என்ற கேள்வியே கிடையாது. இரண்டடித் தொட்டி என்றால் 20 வாட், நான்கடி என்றால் 40 வாட். தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்காரர் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுப்பதுதான் விளக்கு. மீனுக்கா, மளிகைக் கடைக்கா, டியூஷன் சென்டருக்கா என்று அவரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வாய்த்தது அப்படியொரு இரண்டடித் தொட்டி. டப்பா உப்பைக் கரைத்துக் கடல் தயாரிக்கும் வசதி எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாததால், திருவான்மியூர்க் கரையில் முழங்கால் நனைய நின்று கேனில் மொண்டு, பஸ்ஸில் ஏற்றி, “என்னப்பா, கெரசினா?” என்று கேட்ட கண்டக்டரிடம் “கடல் தண்ணி” என்று சொல்லி, அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுக்க, கடலையே வீட்டுக்குக் கொண்டுபோகும் கர்வத்தோடு வருவேன். கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய கோமாளி மீன் அந்த வெள்ளை வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். ஆழ்கடல் நீலம் வேண்டுமே என்று, நாடகத்துக்கும் திருவிழாவுக்கும் விளக்கு வாடகைக்கு விடும் சவுண்டு சர்வீஸ்காரரிடம் நீல ஜெலட்டின் காகிதம் கெஞ்சி வாங்கி டியூபைச் சுற்றினேன். அது நீலத்தைக் கூட்டவில்லை, மற்ற நிறங்களைக் கழித்தது, அவ்வளவுதான். ஆனாலும் அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு சினிமா ஒளிப்பதிவாளரின் மிடுக்கோடு ஸ்விட்சைப் போட்ட அந்தப் பையனை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூடவே லேசான பொறாமையும்.

பிறகு மெட்டல் ஹாலைடு வந்தது, சம்பாத்தியமும் வந்தது. 150 வாட் விளக்கைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டதும், ஒற்றைப் புள்ளியிலிருந்து பாய்ந்த வெளிச்சம் நீரலையில் முறிந்து, தரை மணல் மேல் ஒளிவலை நெளிந்தது. ராமேசுவரத்தில் படகோரமாகக் குனிந்து பார்த்தால் தெரியுமே, அதே நெளிவு. கூடவே சூடும் வந்தது. மெட்ராஸ் மே மாதத்தில் தொட்டிக்கு ஒரு டேபிள் ஃபேன், எனக்கு ஒரு விசிறி. நீர் ஆவியாகி உப்பு ஏற ஏற, நல்ல தண்ணீர் ஊற்றி ஹைட்ரோமீட்டரில் 1.025 பார்ப்பது அன்றாட வேலையாயிற்று. கரண்ட் போய்த் திரும்பினாலும் விளக்கு உடனே எரியாது. கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போலப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறிய பிறகே முகம் கொடுக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் அது மட்டும் 72 யூனிட். வீட்டில் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.

இதற்கிடையில் ஜப்பானில் ஷூஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாதித்துக் காட்டியிருந்தார். அகாசாகி, அமானோ ஆகியோரோடு அவருக்கு 2014-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நான் ஜெலட்டின் காகிதத்தில் தேடிய நீலம் இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு நீல ஒளிதான் பிரதான ஆகாரம் என்பதால் இது வெறும் அலங்காரமும் இல்லை. ஆனால் தொட்டியில் மீன் மட்டும்தான் என்றால், விளக்கு மீனுக்காக அல்ல, பார்க்கிற நமக்காக. எது எரிந்தாலும் மீன் ஆட்சேபிப்பதில்லை.

அக்கா மகன் தன் சின்னத் தொட்டிக்கு விளக்கு தேடியபோது இதையெல்லாம் சொல்ல ஆசையாக இருந்தது. அவனோ போனை நீட்டினான். “மாமா, இதுல சூரிய உதயம் இருக்கு, அஸ்தமனம் இருக்கு, மேகம் போறதுகூட இருக்கு. இடி மின்னல் வேணுமா?” இடியும் மின்னலும் வானத்திலிருந்து இலவசமாகவே கிடைத்த காலத்து ஆள் நான். காளான் பவளம், ஜோவாந்தஸ் மாதிரி அதிகம் கேட்காத உயிர்களுக்கு, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தைக் குறிக்கும் ‘பார்’ (PAR) அளவில் 50 முதல் 100 போதும், வாட்டைப் பார்த்து மயங்காதே, ஓரடி ஆழத் தொட்டிக்கு நல்லதாக ஒரு 30 வாட் எல்.இ.டி. தாராளம், நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் குறைக்க வழி இருக்கிறதா பார், உப்புச் சாரல் உள்ளே போகாதபடி மூடியிருக்கிறதா பார், முதல் வாரங்களில் பாதிக்கும் கீழே வைத்து மெல்ல ஏற்று, இல்லாவிட்டால் பவளம் வெளுத்துவிடும் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மலிவானதில் மின்னல் இருந்த ஒன்றை வாங்கினான். அதுவும் நன்றாகத்தான் எரிகிறது.

எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் சங்கடம். 2001-இல் கடல்குதிரையும் பாறை கட்டும் பவளங்களும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டதால், அன்று கடைகளில் குவிந்து கிடந்த வெள்ளைப் பவளம் இன்று இல்லை, கடலுக்கு நல்லது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சிக்காரர்கள் கோமாளி மீனைப் பண்ணையிலேயே பொரிக்கவைத்துக் காட்டிவிட்டார்கள். கடலையே பார்த்திராத கோமாளி மீன், பஸ்ஸே ஏறாத உப்புத் தண்ணீரில், செயலி அனுப்பும் விடியலுக்குக் கண் விழிக்கிறது. நீல விளக்கின் கீழ் பல பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வதால், உற்றுப் பார்த்து அழகைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு மிச்சம். நாங்கள் அந்த மங்கல் வெளிச்சத்தில் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கல்லிடுக்கில் மறைந்த ஒரு இறாலுக்காகச் சாயங்காலம் முழுவதையும் செலவழித்தோம். உங்கள் வீட்டிலும் அப்படி மூக்குத் தடம் பதிந்த கண்ணாடி ஒன்று இருந்திருக்கும்.

எல்.இ.டி. வந்து 72 யூனிட் 14 சொச்சமாக இறங்கியதில் மிச்சமான காசு எங்கே என்று கேட்காதீர்கள். அலை எழுப்பும் மோட்டாரும் அழுக்கை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரும் நீரைக் குளிர்விக்கும் சில்லரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. சென்ற வாரம் அக்கா மகன் மறுபடி வந்தான். தன் கோமாளி மீன் நீமோவுக்கு ஒரு வீடு வேண்டாமா, கடல் சாமந்தி ஒன்று வாங்கலாம் என்றான். அதற்குக் காளான் பவளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும், அதாவது இன்னொரு விளக்கு. “ரொம்ப மலிவு மாமா” என்றான். என் அப்பா அந்த இரண்டடித் தொட்டிக்குப் பணம் கொடுத்ததும் என் வாயிலிருந்து வந்த இதே வார்த்தையை நம்பித்தான்.