கைக்கு எட்டாத ப்ளக் பாயிண்ட்

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து வீடு. இரண்டாம் கட்டு அறையில் பேரனுக்குக் கம்ப்யூட்டர் மேசை போட்டோம். அங்கே இருக்கும் ஒரே ப்ளக் பாயிண்ட் தேக்கு பீரோவுக்குப் பின்னால். காலையும் மாலையும் மண்டிபோட்டு, பல்லிக்கு முகம் காட்டி, சுவிட்சைத் தேட வேண்டியிருக்கிறது. சுவரைக் கொத்திப் புது பாயிண்ட் வைக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கொத்தலாமா?
– ஒரு வாசகி, கண்டரமாணிக்கம்

பதில்: கொத்த விடாதீர்கள், ஆச்சி. அது சுண்ணாம்புக் காரையை அடுக்கடுக்காகப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவராக இருக்கும். சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும். கட்டர் மெஷின் பத்தே நிமிடத்தில் அதில் வாய்க்கால் வெட்டிவிடும். அப்புறம் சிமென்ட் வைத்து அடைப்பார்கள். பட்டுப்புடவைக்குச் சாக்கில் ஒட்டுப்போட்ட மாதிரிதான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. நாலு மழைக்காலத்தில் ஒட்டின் ஓரம் பொரிந்து கொட்டத் தொடங்கும். அந்தப் பழைய பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைவது அதைவிடப் பெரிய பாடு.

சுவிட்ச் சுவரிலேயேதான் குடியிருக்க வேண்டுமா? மேசைக்கு அழைத்து வாருங்கள். சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். மூன்று கம்பி உள்ள வயர், 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன், மூன்று பின் ப்ளக் – இந்த மூன்றையும் கடையில் கேட்டு வாங்க வேண்டும். பாக்ஸை மேசைப் பலகையின் அடியில், பேரனின் வலது கை விழும் இடத்தில், இரண்டு ஸ்குரூ போட்டு நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்கட்டும். அன்றாட வேலை மேசைச் சுவிட்சுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தத்தான் வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இனி பல வருஷம் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதால், அந்தச் சுவர் சாக்கெட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளக் தொளதொளவென்று ஆடினால் தொடும் இடத்தில் சூடேறும், பிளாஸ்டிக் கருகும். பழுப்புக் கறை தெரிந்தாலே புது சாக்கெட் மாற்றிவிடுங்கள். பீரோவைத் திரும்பத் தள்ளும்போது ப்ளக்குக்குப் பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள். வயரைப் பாய்க்கு அடியிலோ பீரோ காலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் எலக்ட்ரீஷியனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். சுவரைக் கொத்தும் கூலியில் அது முடியும் என்றால் ரொம்ப நல்ல செலவு.

பாக்ஸ் 6 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் தாராளம். 1,500 வாட் கெட்டிலை அதில் சொருகிப் பேரனுக்குப் பால் காய்ச்சக் கூடாது.

கேள்வி: என் தம்பி பழைய இரண்டு பின் வயரை நடுவில் வெட்டி, கட்டிலருகே தொங்குமே அந்த பெட் சுவிட்சை மாட்டித் தந்தான். அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அணைத்த பிறகும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருசுரு என்கிறது.
– ஒரு வாசகர், புதுவயல்

பதில்: தம்பியின் பாசத்தை வைத்துக்கொள்ளுங்கள், வயரைக் கழற்றிவிடுங்கள். இன்றைக்கே.

மின்சாரம் ஃபேஸ் வழியாக வந்து நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. சுவிட்ச் ஃபேஸை வெட்ட வேண்டும். இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் இரண்டும் இடம் மாறிவிடும், உங்கள் பெட் சுவிட்ச் நியூட்ரலை வெட்டும். தண்ணீர்க் குழாயை மூடாமல் சாக்கடையை அடைத்த கதை. ஓட்டம் நிற்கும், வீடெல்லாம் தண்ணீர் நிற்கும். கம்ப்யூட்டர் அணைந்தது போலிருந்தாலும் உள்ளே ஃபேஸ் காத்திருக்கிறது. பவர் சப்ளையின் இரைச்சல் வடிகட்டி வழியாகக் கொஞ்சம் பெட்டிக்குக் கசிகிறது. அதை மண்ணுக்குக் கொண்டுபோக எர்த் கம்பி இல்லாததால் உங்கள் விரல் வழியாகப் போகிறது.

மூன்று பின்னில் இந்தக் குழப்பம் வராது. எர்த் பின் தடித்து நீண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். சாக்கெட்டை நேரே பார்த்தால் வலது துளை ஃபேஸ். சுவிட்சை அணைத்துவிட்டு அங்கே டெஸ்டர் வையுங்கள், எரியக் கூடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் டி.பி. சுவிட்ச் உள்ள பாக்ஸ் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

கேள்வி: ஒட்டடைக் கம்பால் தூரத்து சுவிட்சைத் தட்டலாமா?
– ஒரு மாணவர், திருப்பத்தூர்

பதில்: குறி பார்க்கும் திறமையைக் கேரம் போர்டில் காட்டுங்கள். கம்பு தட்டினால் சுவிட்ச் பாதியில் நிற்கலாம். பாதியில் நிற்கும் சுவிட்சுக்குள் தீப்பொறி தாவித் தாவி முனைகளைத் தின்றுவிடும். 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற பொறியாளர் இதற்குத்தான் வழி கண்டார்: மனிதர் எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் உள்ளே முனைகள் சட்டென்று பிரிய வேண்டும் என்று ஸ்பிரிங் வைத்தார். நாம் கேட்கும் ‘டக்’ அந்தப் பரம்பரைச் சத்தம். ‘டக்’ மழுங்கிய சுவிட்சை மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: மேசைச் சுவிட்சை அணைத்தால் யூ.பி.எஸ். இரவெல்லாம் கீச் கீச்சென்று கத்துகிறது.
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பாவம், கரன்ட் போய்விட்டது என்று உங்களை எழுப்பப் பார்க்கிறது. யூ.பி.எஸ்.ஸின் வயர் நேராகச் சுவருக்குப் போகட்டும், மேசை பாக்ஸ் யூ.பி.எஸ்.ஸுக்குப் பிறகு வரட்டும். அப்போது நீங்கள் அணைப்பது கம்ப்யூட்டரை மட்டும். பேட்டரி சார்ஜில் இருக்கும். ஈய–அமில பேட்டரியைக் காலியாகக் கிடக்க விட்டால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு ஆயுள் போய்விடும். உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953 பொங்கலன்று திறக்கப்பட்ட சிக்ரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரிக்காகவும் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் மின்வேதியியல் ஆய்வகம் அது.

கேள்வி: கைக்கெட்டும் சுவிட்ச் சோம்பேறிகளுக்கு என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஒரு வாரம் அவரே குனிந்து போடட்டும், கட்சி மாறுவார். குனியச் சங்கடப்பட்டு அணைக்காமலே விட்டுவிடுவதுதான் எல்லா வீட்டு வழக்கமும். சும்மா கிடக்கும் கருவிகள் சேர்ந்து 10 வாட் இழுத்தால், நாளைக்கு 20 மணி நேரம் வீதம் இரண்டு மாத பில்லில் 12 யூனிட். ஆனால் எனக்குப் பெரிய காரணம் பணம் இல்லை. பெட்டியிலிருந்து புகை வரும் அந்த நிமிடத்தில் யாரும் பீரோவுக்குப் பின்னால் கை விடக் கூடாது.

கேள்வி: இடி இடிக்கும்போது மேசைச் சுவிட்சை அணைத்தால் போதுமா?
– அதே கண்டரமாணிக்கம் வாசகி

பதில்: போதாது ஆச்சி. வானத்திலிருந்து தாவி வருவதற்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. இடி நெருங்கும் முன்பே, மேசை பாக்ஸிலிருந்து கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். இப்போது அதுவும் கைக்கு எட்டுகிறதே. இன்டர்நெட் வயரையும் சேர்த்து.