கதிரையை ஒழிப்போம், முதலில் இருக்க விடுங்கள்

ஜனாதிபதித் தேர்தல் அறிவித்ததும் மட்டக்களப்பில் ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிடும். சுவரொட்டி ஒட்டுகிறவன் ஒட்டுவான், இரவோடிரவாகக் கிழிக்கிறவன் கிழிப்பான், காந்திப் பூங்காவில் மாலைக்காற்று வாங்குகிறவர்கள் யாருக்கு எத்தனை வீதம் என்று பங்கிட்டு முடித்துவிடுவார்கள். நான் வேட்பாளர்களின் புத்தகங்களை வாசிப்பேன். அதிலும் இடதுசாரி, முற்போக்கு என்று பேரெடுத்தவர்களின் புத்தகமென்றால் அட்டைப்படம் தொடங்கி அச்சகத்தின் பெயர் வரை விடுவதில்லை. "தண்ணி பில் வாசிக்கக் கண்ணாடி இல்லயெண்டு சொல்ற மனிசன் இதை மட்டும் விடிய விடிய வாசிக்கிறார்" என்பது என் மனைவியின் முறைப்பாடு. நியாயமானதுதான். ஆனால் தண்ணீர் பில்லில் நம்பிக்கை தரும் வசனம் ஒன்றாவது இருக்கிறதா?

2024 இல் இரண்டு தேர்தல் ஒன்றாக வந்தன. செப்டெம்பரில் எங்களுக்கு, நவம்பரில் அமெரிக்காவுக்கு. கனடாவில் இருக்கும் மச்சான் கமலா ஹாரிஸின் புத்தகத்தை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான். 2019 ஜனவரியில், அவர் முதன்முதலாக ஜனாதிபதிப் போட்டியில் இறங்கிய அதே மாதத்தில் வந்த புத்தகம். அங்கே அது வழமை. வெள்ளை மாளிகைக்குப் போக நினைப்பவர் போகிற வழியில் ஒரு பதிப்பகத்துக்குள் ஏறி இறங்க வேண்டும். ஒபாமா 2006 இல் ஏறினார். எலிசபெத் வாரனும் ஏறினார். பெர்னி சாண்டர்ஸ் மட்டும் 2016 நவம்பரில், தேர்தல் முடிந்த அடுத்த வாரம் வெளியிட்டார். கலியாணம் முடிந்த பிறகு சாதகம் பார்த்த கதை.

கமலாவின் அட்டைப்படத்தை மாமி கொஞ்ச நேரம் பார்த்தா.

"இந்தப் புள்ள ஆரு மனே?"

"அமெரிக்காவில ஜனாதிபதிக்குக் கேக்கிறா மாமி. தாய் மெட்ராஸ்."

"அப்ப வெல்லட்டும்."

எங்கள் வீட்டில் அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பற்றிய விவாதம் அத்துடன் முடிந்தது.

அந்தப் புத்தகங்களில் ஒரு சுகம் உண்டு. தாய் வருவாள், தாய் பட்ட பாடு வரும், படித்த பள்ளிக்கூடம் வரும். அழுதுகொண்டே ஐம்பது பக்கம் போன பிறகுதான் சுகாதாரக் காப்புறுதித் திட்டம் தலைகாட்டும். எங்கள் நாட்டு வேட்பாளருக்குப் புத்தகத்தில் தாயே கிடையாது. குடும்பம் மேடைக்கு மட்டும்தான். புத்தகம் திறந்ததும் நேரே ஏற்றுமதி வருமானம். எழுதியவர் யாரென்றும் தெரியாது. பேராசிரியர்கள் குழு குழுவாகக் கூடி எழுதியிருப்பார்கள், எழுத்தாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வேட்பாளரின் படம் சிரித்துக்கொண்டிருக்கும். விஞ்ஞாபனம் என்பார்கள். நான் புத்தகம் என்றே சொல்வேன், அவ்வளவு கற்பனை அதில் இருக்கிறது.

இந்த இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம், நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பது. 1978 அரசியலமைப்பு வந்தவுடனேயே என்.எம். பெரேரா அதைக் கூறுகூறாகப் பிரித்து ஒரு விமர்சன நூல் எழுதினார். லண்டனில் இரண்டு கலாநிதிப் பட்டம் வாங்கிய மனிதர். அடுத்த வருடமே காலமாகிவிட்டார், ஜனாதிபதித் தேர்தலில் நின்று கெட்டுப்போகவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கதிரையை ஒழிப்பதற்காகவே அந்தக் கதிரைக்குக் கேட்டார்கள்.

1994 இல் சந்திரிகா வந்தபோது அவருடைய கூட்டணியின் சின்னமே கதிரை. கதிரைக்குப் புள்ளடி போடுங்கள், கதிரையை ஒழித்துத் தருகிறேன் என்றார். நாங்களும் அள்ளிப் போட்டோம். நாடு முழுக்க 62 வீதம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் சந்திரிகா காப்பு விற்ற காலம் அது. ஒழிப்பதற்குத் திகதி கூடக் குறித்துத் தந்தார்: 1995 ஜூலை 15. கதிரையை விட்டு அவர் எழும்பியது 2005 நவம்பரில். அடுத்து வந்த மகிந்தவின் சிந்தனைப் புத்தகத்திலும் ஒழிப்பு இருந்தது. 2010 இல் பதினெட்டாவது திருத்தம் வந்து, ஒருவரே எத்தனை தடவையும் அந்தக் கதிரைக்குக் கேட்கலாம் என்றானது. மைத்திரி கதிரையின் கால் ஒன்றைக் கொஞ்சம் சீவினார். 2024 இல் தேசிய மக்கள் சக்தியின் ‘வளமான நாடு, அழகான வாழ்க்கை’யிலும் அதே அதிகாரம் வந்தபோது, பழைய சினேகிதனைக் கண்ட சந்தோசம் எனக்கு.

இனி எங்கள் விஷயம். தமிழர் பற்றிய பகுதி இந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். அதனால் மட்டக்களப்பு வாசகன் பின்னாலிருந்து வாசிக்கப் பழகியவன். காத்தான்குடி முஸ்லிம் கூட்டாளி ஒருவர் சொல்வார், "நாங்க எப்பவோ வலமிருந்து இடம் வாசிச்சுப் பழகின ஆக்கள், எங்களுக்குப் பிரச்சினையில்ல."

பின்னாலிருந்து வாசித்ததில் ஒரு விதி பிடிபட்டது. எங்கள் விஷயத்தில் எவ்வளவு தெளிவாக எழுதுகிறார்களோ, அவ்வளவு வாக்குக் குறையும். 1982 தேர்தலை எடுங்கள். தமிழரின் சுயநிர்ணய உரிமையை ஒப்புக்கொண்ட கட்சியில் நின்ற வாசுதேவ நாணயக்காரவுக்கு 17,005 வாக்கு. கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு 58,531. ரோகண விஜேவீரவுக்கு 2,73,428. அந்த விஜேவீர பின்பு தலைமறைவாக இருந்துகொண்டு தமிழீழப் பிரச்சினைக்குத் தீர்வு என்னவென்று ஒரு தடித்த புத்தகமே எழுதினார். பிரிவினை ஏகாதிபத்தியத்தின் சதி என்பது அவருடைய கட்சி. 2005 இல் சிறிதுங்க ஜயசூரிய தெளிவாகப் பேசி 35,425 வாக்கு எடுத்து, நாட்டிலேயே மூன்றாம் இடத்துக்கு வந்தார். முதல் இரண்டு பேருக்கும் அவருக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் வாக்குத் தூரம்.

விதிக்கு இன்னொரு பாதியும் உண்டு: தெளிவு நீடிக்காது. கொல்வின், பிரித்தானியர் காலத்து இலங்கை பற்றி இரண்டு பாகத்தில் எழுதிய வரலாற்றாசிரியர். 1956 இல் ஒரு மொழியை மட்டும் திணித்தால் நாடு இரண்டாகும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர். அதே கையால்தான் 1972 அரசியலமைப்பையும் வரைந்தார். சிங்களமே அரச கரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது. வாசுதேவ பிறகு மகிந்தவின் அமைச்சரானார். கிடைத்தது தேசிய மொழிகள் அமைச்சு.

சொன்னதைச் செய்யவில்லை என்று எல்லோரையும் ஒரேயடியாகக் குறை சொல்லவும் கூடாது. முற்போக்குக் கணக்கில் வராவிட்டாலும் கோட்டாபயவைச் சொல்லாமல் விட்டால் பாவம். பத்து வருடத்தில் நாடு சேதனப் பசளைக்கு மாறும் என்று 2019 இல் அவருடைய புத்தகம் சொன்னது. 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் மாற்றிவிட்டார். எழுதிய காலத்துக்கு எட்டு வருடம் முந்தியே வாக்குறுதியை முடித்தவர் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? படுவான்கரையில் வெளிறிப்போன வயலின் வரம்பில் நின்றவர்கள் பயந்ததெல்லாம், மனிதர் மற்ற அதிகாரங்களையும் நிறைவேற்றிவிடுவாரோ என்றுதான்.

2024 இல் எங்கள் மாவட்டத்து அரியநேத்திரனும் சங்குச் சின்னத்தில் நின்றார், வெல்வதற்காக அல்ல என்று சொல்லியே நின்றார். என் விதிப்படி பார்த்தால் இதைவிடத் தெளிவு கிடையாது, 2,26,343 வாக்கு. அநுர குமார திசாநாயக்க 2019 இல் நாலு இலட்சத்துச் சொச்சம் எடுத்தவர், இந்தமுறை 56 இலட்சம் எடுத்துக் கதிரையில் ஏறினார். நவம்பர் பொதுத்தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 அவருடைய தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போனது. போகாத ஒன்று மட்டக்களப்பு. ஆய்வாளர்கள் பல காரணம் சொன்னார்கள். பின்னாலிருந்து வாசிக்கிற மாவட்டம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

இந்த வாசிப்பில் எனக்கு ஒரே துணை கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்டர். அவர் வாசிப்பது பென்சிலோடு. வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஓரத்தில், தவணைத் திகதி எழுதுவார். காலம் சொல்லாத வாக்குறுதிக்கு ஒரு சின்ன வட்டம். அவரிடமிருக்கும் புத்தகங்களில் வட்டங்கள்தான் அதிகம். ‘வளமான நாடு’ வந்த கிழமையே வாங்கிக்கொண்டு போனவர், மாகாண சபைத் தேர்தலை ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்ற இடத்தைக் கண்டு சின்னப் பிள்ளைபோலச் சந்தோசப்பட்டார். "பாத்தியா மனே, இதில காலம் போட்டிரிக்கான்." கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2012 இல், சபை கலைந்தது 2017 இல். எதிர்பார்ப்புக்குக் குறைவில்லை. ஓரத்தில் அழுத்தமாக எழுதினார்: 2025 செப்டெம்பர்.

அந்தச் செப்டெம்பரும் போய்விட்டது, தேர்தல் வரவில்லை. பிறகொரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது. அருகில் கூர் சீவிய புதுப் பென்சில். மாஸ்டர் லாச்சியை இழுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர் தேடுறீங்க?"

"அழிறப்பர் மனே. பேரன் எடுத்திட்டுப் போயிற்றான் போல."