எஸ்.கே.பஃப்பில் இடைச்செருகல்: இரண்டு பிட்கள் குறித்த ஆய்வு

லினக்ஸ் கெர்னலுக்குள் நுழையும் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் எஸ்.கே.பஃப் என்றொரு பாயிரம் உண்டு. எந்த நெட்வொர்க் கார்டில் வந்தது, எந்த நெறிமுறை, என்ன முன்னுரிமை எல்லாம் அதில் அடங்கும். ஈதர்நெட்டின் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். 64 பிட் கணினியில் அதற்கான பாயிரமோ 230 பைட் அளவில் வரும். நூலைவிடப் பாயிரம் மூன்று மடங்கு நீள்வது நம் பல்கலைக்கழகப் பதிப்புகள் போற்றும் மரபே ஆதலின், இதற்கு விளக்கம் மிகை.

பாயிரத்தின் புலங்கள் இருவகை.

வேண்டுவன: வேண்டும்.

வேண்டினால் வருவன: இவற்றை இஃப்டெஃப் வேலிக்குள் வைப்பர். கம்பைல் செய்பவர் கான்ஃபிக்கில் 'வேண்டாம்' என்றால் புலம் மறையும். ஆனால் உபுண்டு, ஃபெடோரா போன்றவை யாருக்கு எது தேவைப்படுமோ என்று பெரும்பாலானவற்றுக்கு 'வேண்டும்' சொல்லிவிடுகின்றன. ஆகவே விருப்பப் புலமாவது, யாரும் விரும்பாமலே எல்லாரும் சுமப்பது (காண்க: மேற்படி).

இவற்றுள் தலையாயவை வைஃபை-ஆக்டு, வைஃபை-ஆக்டு-வேலிட் என்னும் இரட்டையர். அனுப்பிய ஃபிரேமுக்கு எதிர்முனை ஒப்புகை தந்ததா என்பதை முதல் பிட் சொல்லும். முதல் பிட் சொல்வதைப் பொருட்படுத்தலாமா என்பதை இரண்டாம் பிட் சொல்லும். அதாவது முன்னது உரை, பின்னது உரைக்கு உரை. இரண்டாமதை எப்படி நம்புவது என்று ஒரு சாரார் கேட்பர் (காண்க: மேற்படி, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு). மூன்றாவது பிட் ஒன்று இருந்து, ஏடெழுதியோர் பிழையால் மறைந்தது என்பர் பிறிதொரு சாரார் (காண்க: இக்கட்டுரையாளரின் வெளிவராத நூல், 'வெளிவராமைக்கான காரணங்கள்' என்னும் பின்னிணைப்பு, அதற்கு அவரே எழுதிய மறுப்பு, மறுப்பைத் தாமே வியந்து அளித்த அணிந்துரை). இந்த முறையில் மேற்கோள் காட்டிப் பேராசிரியர் ஆனோர் உளர்.

வயர்லெஸ் இல்லாத கெர்னலுக்கு இந்த இரட்டையர் எதற்கு என்று 2023-இல் வேலி போட்டார்கள். டேட்டா சென்டர் ரேக்கில் கிடக்கும் சர்வர் யாரோடு வைஃபை பேசப்போகிறது? நியாயம்தான். மிச்சம் எவ்வளவு? இரண்டு பிட். அந்த இடத்தில் ஒரு பொத்தல் விழும். பாஹோல் என்னும் கருவி அதைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். நினைவகத்தில் எஸ்.கே.பஃப்புக்கு 64 பைட் கேஷ் லைன் கணக்கில்தான் இடம் ஒதுக்குவார்கள். முன்பு 256 பைட் பிடித்தது, பின்பும் 256 பைட் பிடித்தது.

சிரிக்க வேண்டாம். 10 ஜிகாபிட் கம்பியில் சிறு ஃபிரேம்கள் நிரம்பி வந்தால் நொடிக்கு 1.488 கோடி, ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. அதற்குள் ஒரு கேஷ் லைனைக் கூடுதலாகத் தொட்டாலும் சுடும். பொத்தல் இருந்தால்தான் நாளை வரும் புலம் பாயிரத்தை நீட்டாமல் உட்காரும்.

நாளைய புலம் வராமல் இருக்காது. 2019-இல் வந்த கெர்னல் 5.0 பதிப்பில் ஐபிசெக்குக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்று என்றிருந்த இரு சுட்டிகளை நீக்கி, தேவைப்படும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும் நீட்சிக்கு ஒரே சுட்டி வைத்தார்கள். எம்பிடிசிபி என்னும் பல்வழி டிசிபி அதற்கு அடுத்த ஆண்டே அந்த நீட்சியில் குடியேறியது.

இனி எஞ்சியது சிபி என்னும் புலம். 48 பைட், அதாவது 384 பிட். எந்த அடுக்கும் எதையும் கிறுக்கிக்கொள்ளலாம். அடுத்த அடுக்கு அதன் மேலேயே கிறுக்கும். இதற்கு வேலியும் இல்லை, உரையாசிரியரும் இல்லை.