உன் வீட்டு வாசல் என்ன பாஞ்சாலங்குறிச்சியா?

வா தம்பி, உட்காரு. நாயும் முயலும் ஒரே வாசல்ல ஒண்ணா விளையாடப் போகுதுன்னு மருமக சொல்லிட்டுப் போச்சு. ரொம்ப சந்தோஷம். 2024-ல கிள்ளான் அரச மாநகரா ஆனதுக்கப்புறம் உங்க தாமான்ல நடக்கப்போற பெரிய அதிசயம் இதுதான்.

அதிசயமே நடக்காதுன்னு நான் சொல்லலை. பாஞ்சாலங்குறிச்சியில ஒரு முயல், துரத்தி வந்த வேட்டை நாய்ங்களைத் திருப்பி விரட்டுச்சாம். அந்த மண்ணுக்கு வீரம் இருக்குன்னு கட்டபொம்மனோட முன்னோருங்க அங்கேயே கோட்டை கட்டினாங்களாம். விஜயநகரத்துக்கும் இதே மாதிரி ஒரு முயல் கதை இருக்கு. நம்ம மலாக்காவுல முயலுக்குப் பதிலா சருகுமான். பரமேஸ்வரன் மரத்தடியில இளைப்பாறிக்கிட்டு இருந்தப்ப, அவரோட நாயை அது எட்டி உதைச்சு ஆத்துல தள்ளிருச்சாம். இன்னிக்கும் மலாக்கா மாநிலச் சின்னத்துல ரெண்டு சருகுமான் கம்பீரமா நிக்குது பாரு. ஆகக்கூடி, சின்னது பெரிசை விரட்டின இடத்துலெல்லாம் ராஜாக்கள் ராஜ்ஜியமே அமைச்சிருக்காங்க. உன் வாசல்ல அப்படி நடந்தா நீயும் ஒண்ணு அமைச்சுக்க. கார் நிறுத்தினது போக மிச்சம் எத்தனை அடி இருக்குன்னு மட்டும் முன்கூட்டியே அளந்து வச்சுக்க.

உன் நாய் நல்ல நாய்தான், யார் இல்லைன்னா? நம்ம சீமையில சிப்பிப்பாறை நாயை முயல் வேட்டைக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க. அதுவும் வீட்டுக்குள்ள நல்ல நாய்தான். வெள்ளைக்காரன் பீகிளை வளர்த்ததும் முயலுக்குத்தான். உன்னோடது எந்த ஜாதின்னு கேட்டா 'மிக்ஸ்' பெரியப்பாங்கிறே. அதோட தாத்தன் எதை வேட்டையாடினான்னு உனக்கே தெரியாதுன்னு அர்த்தம். பிஸ்கட் போட்டு, பிறந்தநாள் கொண்டாடி, அதையெல்லாம் மறக்க வச்சிட்டதா நினைக்கிறே. குறுக்கால ஒண்ணு வெடுக்குனு ஓடட்டும், அப்பத் தெரியும்.

கைபேசியில ஒரு படம் காட்டினியே, நாய் முதுகுல முயல் படுத்துத் தூங்குறது. அழகாத்தான் இருந்துச்சு. விபரீதமா முடிஞ்ச படத்தை எவன் தம்பி ஊருக்குக் காட்டுவான்?

இன்னொண்ணும் சொன்னே: "எங்க முயலுக்குப் பயமே இல்ல பெரியப்பா, நாய் கிட்ட வந்தாலும் ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கு." அடேயப்பா, மாவீரன்! முயல் பயந்தா முதல்ல செய்யுற காரியமே அசையாம உறைஞ்சுபோறதுதான். அடுத்தது பின்னங்காலால தரையைத் தட்டும். அதுக்கும் மேல போனா மூர்க்கமாத் துள்ளும். கூண்டுக்குள்ள அப்படித் துள்ளினா, தன் உதை வேகத்துலயே தன் முதுகெலும்பை ஒடிச்சுக்கும். நாயோட பல்லு படவே வேணாம். வெளிய நின்னு ராத்திரியெல்லாம் குரைச்சாலே முயல் தீனியை விட்டுரும், குடல் ஓட்டம் நின்னுபோகும். அரை நாள் தின்னாம, புழுக்கை போடாமக் கிடந்துச்சுன்னா, காலையில பார்த்துக்கலாம்னு படுத்துடாதே. முயல் பார்க்கத் தெரிஞ்ச மிருக டாக்டர்கிட்ட அப்பவே தூக்கிட்டு ஓடு. செர்டாங்ல புத்ரா பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரியே இருக்கு.

வேலி போட்டாச்சுன்னு சொல்றே. ஆஸ்திரேலியாக்காரனும் போட்டான். 1901-ல ஆரம்பிச்சு 1907-ல முடிச்சான், முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். அவன் கம்பம் நட்டுக்கிட்டு இருக்கும்போதே முயல் அந்தப் பக்கம் போய்க் குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருச்சு. நீ எத்தனை கெஜம் போட்டே? அதுவும் கோழி வலை. கோழியை உள்ள நிறுத்தி வைக்க அது போதும், நாய் கடிச்சு இழுத்தா நார் நாராப் பிரிஞ்சு வந்துரும். ஹார்ட்வேர் கடைக்குத் திரும்பப் போய், வெல்டிங் வச்ச கம்பி வலை, அரை அங்குலக் கண்ணுல கேளு. விலை ஏறத்தான் செய்யும். நாய்க்கு மழைச்சட்டை வாங்கினவன்தானே நீ, வெள்ளி கொடுத்து வாங்கு.

கூண்டுக்கு மேலயும் வலை வேணும். மண் தரையா இருந்தா, கூண்டைச் சுத்தி ரெண்டு அடி அகலத்துக்கு வலையைப் படுக்கவச்சுப் புதைச்சிரு. வெளியிலேர்ந்து நாயும் தோண்டும், உள்ளயிருந்து முயலும் தோண்டும். அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டுக்கும் நல்ல ஒத்துமை. கூண்டுக்கு வெளிய மூணு அடி தள்ளி இன்னொரு தடுப்பு வை, மூக்கு மூக்கோட முட்டக்கூடாது. நாய் கூண்டைப் பார்க்க முடியாதபடி அந்தப் பக்கம் ஒரு பலகை அடி. கொண்டி மட்டும் போட்டா மூக்காலயே தூக்கிரும், அதனால ஒரு பூட்டும் மாட்டு. உள்ள காலுக்குக் கீழே பலகையோ பாயோ போடணும். கம்பி மேலயே நின்னா முயல் பாதம் புண்ணாப் போயிரும்.

நாயை நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிட்டா இந்தச் செலவெல்லாம் மிச்சம்னு உன் மூஞ்சி சொல்லுது. 2015-லயே மிருக நலச் சட்டம் வந்தாச்சு தம்பி. கொடுமைன்னு கோர்ட்ல முடிவானா அபராதம் 20,000 வெள்ளியிலதான் ஆரம்பமே. கட்டிக்கிடந்த நாயை அவுத்துவிட்டா அது நேரா எங்க போகும்னு நான் சொல்லணுமா? விடிஞ்சதும் அதை நல்லா நடத்திக் களைக்க வை. முயலை வெளிய விடுற நேரத்துல நாய் வீட்டுக்குள்ள, நாய் வாசலுக்கு வந்தா முயல் கூண்டுக்குள்ள. ரெண்டும் சேர்ந்து இருந்தே ஆகணும்னு உனக்கு மட்டும்தான் ஆசை, அதுங்க கேட்கலை.

நாயையே முறைச்சுக்கிட்டு மத்ததை மறந்துடாதே. லோங்காங் வழியா மலைப்பாம்பு வரும், கூரை வழியா மூசாங் வரும், அதுக்கும் இந்த வலைதான் பதில். அதோட நம்ம ஊர் வெயில். மத்தியானம் 32, 33 டிகிரி அடிக்குது, முயலுக்கு 28-ஐத் தாண்டினாலே ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே அதை வச்சா நாய்க்கு வேலையே இருக்காது. நிழல்ல வச்சு, போத்தல்ல தண்ணியை உறைய வச்சு, துணி சுத்திப் பக்கத்துல போடு. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில இருக்கானே உன் மச்சான், அவன் முயலை வெயில் அடிக்கிற பால்கனியிலதான் வச்சிருக்கான். அவனுக்கும் போனைப் போட்டுச் சொல்லு, கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம்பு ஒதுக்கட்டும். உன் கூண்டுக்கு உயரமா கால் வை. 2021 டிசம்பர் வெள்ளத்தப்ப ஸ்ரீ மூடாவுல தண்ணி எந்த உயரத்துக்கு வந்துச்சுன்னு நீயே பார்த்தவன். அந்த மாதிரி வந்தா எந்தக் காலும் தாங்காது, முயலைத் தூக்கிட்டுப் போக ஒரு கூடையும் கைவசம் இருக்கட்டும்.

முக்கியமா, நாய்க்கு உண்ணிக்கு ஊத்துற மருந்துல மிச்சம் இருக்கேன்னு முயல் முதுகுலயும் ரெண்டு சொட்டு விட்டுறாதே. அதுல ஃபிப்ரோனில் இருந்தா முயலுக்கு விஷம். சிக்கனம் பார்க்கிற இடம் அது இல்லை.

சரி, எத்தனை முயல் வாங்கினே? ரெண்டா? ரெண்டும் பொட்டைன்னு கடைக்காரன் சொன்னானா? குட்டியில பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்றது அனுபவசாலிக்கே தடுமாறும். முயல் சினை ஒரு மாசம்தான், ஈன்ன கையோட மறுபடியும் சினை பிடிக்கும். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரு. காட்டாம விட்டுட்டு, அடுத்த மாசம் கூடை நிறைய குட்டியோட இந்தப் பக்கம் வந்து நிக்காதே. என் வீட்டுலயும் நாய் இருக்கு.