உறக்கத்தின் நற்குணங்கள்

மடிக்கணினியின் உறக்கமே, உன்னைப் புகழ வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருவனந்தபுரம் வலியசாலையில் இடவப்பாதி மழை ஓட்டின் மேல் விடாமல் கொட்டுகிறது. கரண்ட் போகிறது, வருகிறது. இந்த வீட்டில் ஆளுக்கொன்றை மறக்கிறோம். சாலைக் கடைத்தெருவில் அண்ணா குடையை விட்டுவிட்டு நனைந்து வருவார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போவேன். நீ மட்டும் எதையும் மறப்பதில்லை.

சாப்பிடக் கூப்பிட்டால் அண்ணா மகள் மூடியைச் சாய்த்துவிட்டு எழுந்து வருவாள். திரும்பிப் போய்த் திறந்தால் கேம் விட்ட இடத்திலேயே நிற்கும்: அதே மலைச்சரிவு, அதே குதிரை, அதே சாயங்கால வெளிச்சம். இது லேசான வேலையா? நினைவகத்தில் எழுதியது ஒவ்வொன்றும் கசிந்துகொண்டே இருப்பது. டிடிஆர்4 வகையில் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் அழிந்துபோகலாம். திரை இருண்டு, விசிறி நின்று, பிராசசர் அணைந்த பிறகும் அந்த நினைவகத்துக்கு மட்டும் துளித்துளியாக மின்சாரம் ஊட்டி நீ காக்கிறாய். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வகுத்த இலக்கணத்தில் உனக்கு எஸ்3 என்று பெயர். முப்பது வருஷமாகப் போகிறது. உன் மறவாமை குறையவில்லை.

குதிரை ஓடாததும் அந்த மறவாமையால்தான்.

"அத்தே, மறுபடியும் லேக் அடிக்கறது. அறுபது எஃப்பிஎஸ் ஓடிண்டிருந்தது, இப்போ பதினெட்டு."

எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. நீ நினைவகத்தைக் காக்கும் நேரத்தில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது. அதில் இருந்ததை டிரைவர் முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்தி, விழித்ததும் திருப்பி வைக்க வேண்டும். கார்டின் வேகம், திரையின் புதுப்பிப்பு விகிதம், மதர்போர்டோடு அது பேசும் பாதை எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினால், அந்தப் பிசகையும் நீ பத்திரமாக வைத்துக்கொள்கிறாய். மறுபடி மூடித் திறந்தாலும் அது அங்கேயே இருக்கலாம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் உன்னிடம் ஒரே அன்பு.

உன் குணம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. "ஷட் டவுன் பண்ணியும் பாத்துட்டேன் அத்தே, அப்பவும் அதேதான்" என்றாள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட் டவுனுக்குள்ளும் நீ இருக்கிறாய். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், திறந்திருக்கும் நிரல்களை மட்டும் மூடிவிட்டு, கெர்னலையும் டிரைவர்களையும் இருந்தபடியே வட்டில் எழுதி வைத்துவிடும். மறுநாள் காலையில் அதையே எடுத்துத் தரும். ரீஸ்டார்ட் அப்படியில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். அணைத்துப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றென்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். அதனால் அவள் ஒரு வாரம் தினமும் அணைத்துப் போட்டாள்.

உன் சிக்கனத்துக்கு வருகிறேன். அதை நான் மனசாரப் புகழ்கிறேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தேன்.

டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மூன்று கிகாஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டிய பிராசசர் 0.79-இல் நின்றது. விரட்ட வேண்டிய குதிரையும் பனியும் இருக்கும்போதும் 0.79. அடியில் கை வைத்தால் சூடில்லை, விசிறிச் சத்தமில்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் மாலை சூட்டி நெய் பூசி வைத்திருந்த வேல்களைப் பாராட்டினாள். எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அந்தப் பாராட்டுக்குத் தகுதியான பிராசசரை அன்றைக்கு எங்கள் கூடத்தில் பார்த்தேன். குளிர்ச்சியாக, பளபளப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. உறக்கமே, அதைப் போருக்கு அனுப்பாமல் இப்படிப் பேணியவன் நீ.

காரணம் சார்ஜரில் இருந்தது. சில மடிக்கணினிகளின் சார்ஜர் முனையில் நடுவே மெல்லிய முள் ஒன்று உண்டு. தன்னால் எத்தனை வாட் தர முடியும் என்று கணினிக்குச் சொல்வது அதுதான். விழிக்கும் நேரத்தில் அந்தச் சொல் காதில் விழாவிட்டால், யாரோ தெரியாத சார்ஜர் என்று கணினி பயப்படும். கேமுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கேட்காது. சில மாடல்களில் சூடே இல்லாதபோதும் சூடேறிவிட்டது என்ற சமிக்ஞை பிராசசருக்குப் போய், அது அடிமட்ட வேகத்தில் உட்கார்ந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிப் பத்து எண்ணிவிட்டுச் சொருகினோம். 0.79 மூன்றைத் தாண்டியது. விசிறி இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு அவள் கை தட்டினாள்.

எல்லார் வீட்டிலும் சார்ஜர்தான் என்று சொல்லமாட்டேன். கார்டு மட்டும் மந்தமாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு பி (B) விசையைச் சேர்த்து அழுத்தலாம். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாக எழும். 144 ஹெர்ட்ஸில் இருந்த திரை 60-க்கு இறங்கியிருக்கிறதா என்று டிஸ்ப்ளே அமைப்பில் பார்க்க வேண்டும். பயாஸும் டிரைவரும் பழையதாக இருந்தால் புதுப்பிக்க வேண்டும்.

உனக்கு இப்போது புது வடிவம் ஒன்றும் வந்திருக்கிறது, மாடர்ன் ஸ்டாண்ட்பை. விண்டோஸ் 10-ஓடு 2015-இல் அந்தப் பெயர் வந்தது. எஸ்3 போல அடங்காமல், இருண்ட திரைக்குப் பின்னால் கொஞ்சம் விழித்தபடியே கிடப்பது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பத்மநாபர் அனந்தன் மேல் அறிதுயில் கொள்கிறார். உலகம் நடக்க வேண்டும் என்று கண்மூடியும் அறிந்திருக்கும் துயில் அது. நீயும் அறிந்திருக்கிறாய்: அப்டேட் வந்ததை, வைரஸ் சோதனைக்கு நேரமானதை, தவறிப்போன வேலைகளை. மூடியைத் திறந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யத் தொடங்குகிறாய். உன் கடமையுணர்ச்சி அடங்க ஐந்து பத்து நிமிஷம் காத்திருந்துதான் கேமைத் திறக்க வேண்டும்.

என்னால் தாங்க முடியாத நற்குணம் உன் அடக்கம்தான். இத்தனை பிசகு நடந்தும் திரையில் ஒரு வரி எழுதவில்லை. பிழைச் செய்தி இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. பழுதைத் தனக்குள் வைத்துக்கொண்டு பிறரை நோகடிக்காத பண்பு. நீ பேசாததால் அந்தக் குழந்தை தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டது. கேமில் நிழலைக் குறைத்தாள், புல்லைக் குறைத்தாள், திரை அளவைக் குறைத்தாள். இடம் போதவில்லையோ என்று நவராத்திரிக் கொலுப் படங்களை அழித்தாள். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கணினியைப் புதிதாக எழுப்பி, அவர்கள் சார்ஜரைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. நீ அங்கே போகவில்லை. வீட்டுக்கு வந்து மூடித் திறந்ததும் நீ வந்துவிட்டாய்.

"நான்தான் ரொம்ப விளையாடி இதைக் கெடுத்துட்டேன் போலிருக்கு அப்பா" என்று அவள் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு சிட்டியில சேர்ந்து புதுசு பாக்கலாம்" என்றார். மாசா மாசம் அந்தச் சீட்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லில் தீர்ந்திருக்க வேண்டியது: சார்ஜர் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லை நீ சொல்லவில்லை.

சிட்டியில் சேரவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டோம். நேற்று ராத்திரி சாப்பிட்டு வந்ததும் அவள் ரீஸ்டார்ட்டை அழுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். நீ காத்து வைத்ததெல்லாம் போயிற்று. மலைச்சரிவு இல்லை, சாயங்காலம் இல்லை. கடைசியாகச் சேமித்த சத்திரத்து வாசலிலிருந்து மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பினாள். அறுபதில் ஓடியது.