உப்புக்கு ஒரு கட்டம்

சித்திரைப் பௌர்ணமியன்று வைகையில் இறங்குவதற்காக அழகர்மலையிலிருந்து கள்ளர் திருக்கோலத்தில் புறப்பட்டு வரும் பெருமாளை, முதல்நாள் எதிர்சேவையில் தரிசிக்கத் தல்லாகுளத்தில் திரளும் ஜனங்களுக்கு நீர்மோர் வழங்குவதையே வருஷத்தின் ஏக லட்சியமாகக் கொண்ட எங்கள் சங்கத்தில், மோருக்கு உப்புப் போடும் கைங்கரியத்தை மட்டும் எவரிடமும் ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததில்லை. ஆகையால் அண்டாவைக் கடந்து சென்ற அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள். ஒரு வருஷம் எங்கள் பந்தலுக்குத் தாகத்தோடு வந்தவர்கள் அதனினும் பெருந்தாகத்தோடு திரும்பினார்கள்.

இந்த அவக்கேட்டைத் தீர்க்க, பஞ்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்ற நண்பரொருவர் காரியக்கிரமப் படம் என்னும் சாஸ்திரத்தைக் கொண்டுவந்தார். செங்கல் அடுக்கும் கொத்தனாராக வாழ்க்கையைத் தொடங்கிய பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர், தம் மனைவி லில்லியனுடன் சேர்ந்து 1921-ல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தின்முன் வைத்த முறை அது என்றும், ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் கட்டமாக வரைந்து அம்புக்குறியால் இணைத்துவிட்டால் வீண்வேலை தானே கண்ணில் படும் என்றும் விளக்கினார். சுவரையே மறைத்த அப்படத்தில் தயிர்க்காரர், பந்தற்காரர், ஐஸ் வண்டி, போலீஸ் அனுமதி எல்லாவற்றுக்கும் கட்டங்கள் இருந்தன. 'மோர் புளிக்கிறதா?' என்று வினவிய சாய்சதுரத்திலிருந்து 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் பிரிந்த இரண்டு அம்புகளும் 'தண்ணீர் சேர்' என்ற ஒரே கட்டத்தில் சங்கமமானதைக் கண்டு எங்கள் பொருளாளர் பரம திருப்தி அடைந்தார்.

விழாவன்று யாவும் அம்புக்குறி பிசகாமல் நடந்தன. முதல் குவளையைப் பருகிய உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏய்யா, இது அழகருக்கு வச்ச மோரா, உப்பிலியப்பனுக்கு வச்ச மோரா?" என்று கேட்டாள். 42 கட்டங்களில் உப்புக்குக் கட்டமே இல்லை. படத்தில் இல்லாததைச் செய்யலாகாதென்று எல்லோரும் பக்தி சிரத்தையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

திருவிழாவின் கதையோ வேறு. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேனூரில் நடந்த அழகர் உற்சவத்தையும் திருமலை நாயக்கர் சித்திரையில் ஒன்றாக இணைத்தார் என்பார்கள். அண்ணன் அழகர் வந்து சேருமுன் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிடும் தாமதத்துக்கும் ஒரு கதை சொல்லி இடமளித்த அந்த ஏற்பாடு, ஒரு கட்டமும் அம்பும் வரையாமல் இன்றும் நடப்பதற்கு, வழிநெடுக உள்ள மண்டகப்படிகளை 'இது எங்களுடையது' என்று உரிமையோடு சொல்லிக் காத்து நிற்பவர்கள் இருப்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வருஷத்துப் படத்தில் உப்புக்கென ஒரு கட்டம் வரைந்து, அதனடியில் என் பெயரை எழுதியிருக்கிறோம். கைப்பிடி உப்போடு அண்டாவை நெருங்கும் மற்ற அங்கத்தினர்களைத் தடுப்பதற்கு இன்னொரு கட்டமும் இருக்கிறது.