மடியில் ஒரு பிரயாணி

கேள்வி: ஏழு மாதப் பேரனை விமானத்தில் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
— ஒரு பாட்டி, படாளம்

பதில்: இரண்டு வயது நிறையாத சிசுவுக்கு மடியே சிம்மாசனம்; ஆனால் ராஜாங்கம் அந்தப் பொக்கைவாய்ப் பிரஜையிடமும் தனிப் பாஸ்போர்ட் கேட்குமாதலால் முதலில் அதைக் கவனியுங்கள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பரனூர் சுங்கச்சாவடியில் வாகனங்கள் அணிவகுக்கும் வைபவத்தை உத்தேசித்துச் சற்று முன்னதாகவே புறப்படுவது உசிதம். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேற்படலாகாது என்னும் விதி, வழிக்கு வேண்டிய குழந்தைப் பாலுக்கு விலக்களிக்கிறது. தாத்தாவின் மிளகு ரசத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிரதானமான விஷயம் காது. விமானம் கீழிறங்குகையில் உள்ளே காற்றழுத்தம் ஏற, நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் மெல்லிய குழல் திறவாவிடில் செவிப்பறை உட்குழிந்து வலிக்கும். விழுங்கினால் அக்குழல் திறக்குமாதலால், எச்சில் விழுங்கிச் சமாளிக்கும் நம் சாமர்த்தியத்தை இன்னும் கற்றறியாத பேரனுக்கு, சக்கரம் தரையைத் தொடும்வரை காத்திராமல், இறக்கம் ஆரம்பித்தவுடனேயே பாலூட்டச் சொல்லுங்கள். ஜலதோஷம் இருந்தால் வைத்தியரை முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள். அத்தனைக்குப் பிறகும் அவன் அலறினால், பக்கத்து ஆசனத்துக்காரரிடம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டிவிடுங்கள்; கடிக்கிற சத்தத்தில் அவருக்குப் பாதி அழுகை கேட்காது.